எழுபத்தாறு புள்ளி எட்டு மூன்று

ஃபோனைக் காணவில்லை.

ஜாஸ்பின் மாடி அறையைப் புரட்டினாள், படிக்கட்டைப் பார்த்தாள், அடுக்களையில் அரிசி வாளியைக்கூடத் திறந்து பார்த்தாள். கால் மணி நேரத்துக்கு முன்னால் வரை சன்னல் திட்டில் சார்ஜில் கிடந்த ஃபோன். இப்போது வயர் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

வேறொரு நாளாக இருந்தால் அவள் இத்தனை பதறியிருக்கமாட்டாள். காலை ஆறு பத்துக்கு, பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு விண்வெளித் தொலைநோக்கி காமா கதிர் வெடிப்பு ஒன்றைப் பிடித்து அவளுக்குச் செய்தி அனுப்பியிருந்தது. எங்கோ ஒரு பெரிய நட்சத்திரம் தனக்குள்ளேயே இடிந்து விழுந்து செத்திருக்கிறது. சாகும்போது அது விட்ட கதிர் பல நூறு கோடி வருடம் பயணம் செய்து, சரியாக ஜாஸ்பினுடைய காவல் வாரத்தில் வந்து சேர்ந்திருக்கிறது. செய்தியைப் பார்த்ததும் அவள் ஃபோனைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, லேப்டாப்பைத் திறக்க மாடிக்கு ஓடினாள். அங்கேதான் தப்பு நடந்தது.

காவல் வாரம் என்றால் இதுதான். அவள் வேலை பார்க்கும் ஆய்வுக் குழுவில் வாரத்துக்கு ஒருவர் முறைவைத்துக் காத்திருப்பார்கள். செய்தி வந்த ஒன்றரை மணி நேரத்துக்குள், அது உண்மையான வெடிப்புதானா, எத்தனை நொடி நீடித்தது, வானத்தில் எந்த இடம் என்று பார்த்து முதல் அறிக்கையை உலகத்துக்கு அனுப்ப வேண்டும். அதைப் படித்துத்தான் மற்ற நாட்டுத் தொலைநோக்கிகள் அந்தப் பக்கம் திரும்பும். அறிக்கையில் முதல் பெயர் காவல்காரருடையது. நேரம் தாண்டினால் வேலை தானாகவே பெர்லினில் உள்ள மாற்று ஆளுக்குப் போய்விடும். பெயரும் கூடவே போய்விடும்.

ஜாஸ்பின் இதுவரை ஒன்பது அறிக்கைகளில் இருக்கிறாள். ஒன்றில் பதினேழாவது பெயர், ஒன்றில் இருபத்திரண்டாவது, ஒன்றில் ‘மற்றும் பலர்’. போன நான்கு காவல் வாரங்களிலும் வானம் வாயைத் திறக்கவில்லை. இந்த முறை பங்குத் திருவிழாவுக்குத் தேங்காய்ப்பட்டணம் புறப்பட்டபோது, லேப்டாப்பும் ஃபோனும் இருந்தால் போதும், கடற்கரையில் உட்கார்ந்தே பார்த்துவிடுவேன் என்று குழுத் தலைவரிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். லேப்டாப் இருக்கிறது. ஆனால் உள்ளே நுழைய அது ஆறு இலக்க எண் ஒன்றைக் கேட்கிறது. அந்த எண் ஃபோனில் உள்ள ஒரு செயலியில் மட்டும்தான் தெரியும். முப்பது நொடிக்கு ஒருமுறை மாறிக்கொண்டே வேறு இருக்கும்.

“மைனி, எனக்க ஃபோனக் கண்டியளா?”

அண்ணன் மனைவி பெபிஷா முற்றத்தில் துணி அலசிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“அத உனக்க அண்ணன் கொண்டு போனாவ.”

“எங்க?”

“கடலுக்கு.”

“கடலுக்கா! என்னத்துக்கு?”

“ஃபோன்ல என்னமோ இடம் காட்டிக் கிடந்து. ‘சாட்டிலைட்டு சொல்லுது கேட்டியா, எழுபத்தாறு புள்ளி எட்டு மூணு, எட்டு புள்ளி பூஜ்யம் மூணு’ன்னு சொல்லிட்டு, சாயாவக்கூட முழுசாக் குடிக்காம ஓடினாவ.”

ஜாஸ்பினுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தலையில் கைவைத்தாள்.

பூமிக்கு அட்சக்கோடும் தீர்க்கக்கோடும் இருப்பதுபோலவே வானத்துக்கும் கோடுகள் உண்டு. வெடிப்பு நடந்த இடத்தைத் தொலைநோக்கி அந்தக் கணக்கில், டிகிரியில்தான் சொல்லும். டிகிரியின் அறுபதில் ஒரு பங்குக்கு நிமிஷம் என்று பேர்; கடலில் அது ஒரு மைல். எழுபத்தாறு புள்ளி எட்டு மூன்றும் எட்டு புள்ளி பூஜ்யம் மூன்றும் வானத்தில் வேடன் நட்சத்திரக் கூட்டத்துப் பக்கம். அதே இரண்டு எண்ணையும் ஒரு வள்ளத்து ஜிபிஎஸ்ஸில் போட்டால், தேங்காய்ப்பட்டணத்திலிருந்து தென்மேற்கே இருபத்துநாலு மைலில் நல்ல கடல். சாவதற்கு அந்த நட்சத்திரத்துக்கு வானத்தில் வேறு இடமே கிடைக்கவில்லை.

“அது வானம் மைனி! அங்க மீனும் இல்ல, ஒண்ணும் இல்ல!”

“என்னட்ட சொல்லி என்ன? அவியட்ட சொல்லு” என்றாள் பெபிஷா, ஒரு சட்டையைப் பிழிந்துகொண்டே.

பெபிஷாவின் ஃபோனை வாங்கி ஜாஸ்பின் தன் எண்ணுக்கே அடித்துப் பார்த்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. அண்ணன் ஷைஜுவின் வள்ளம் துறைமுக வாயைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். மணி ஆறு நாற்பது. இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் எவ்வளவோ செய்யலாம் என்று அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். லேப்டாப்பைப் பையில் போட்டு, பெபிஷாவின் ஃபோனையும் எடுத்துக்கொண்டு, ஸ்கூட்டரை நேரே துறைமுகத்துக்கு விட்டாள்.

துறைமுகத்தில் வயர்லெஸ் அறை ததேயுஸ் மாமாவின் ராஜ்ஜியம். கடலில் இருக்கும் வள்ளங்களோடு பேச வேண்டுமானால் அவரிடம்தான் வர வேண்டும். அவர் ஒரு கையில் மைக்கும் மறு கையில் சாயா கிளாசுமாக இருந்தார்.

“மாமா, அவசரமா அண்ணன்கிட்ட பேசணும். எனக்க வேலையே போயிரும்போல இருக்கு.”

“அதுக்கென்ன மக்கா, பேசு.” அவர் மைக்கை நீட்டினார். “பட்டன அமுக்கிப் பேசணும், விட்டுட்டுக் கேக்கணும்.”

ஜாஸ்பின் பட்டனை அமுக்கினாள்.

“அண்ணா, ஜாஸ்பின் பேசுறேன். நீ போற இடத்துல மீன் கிடையாது. சத்தியமாட்டு ஒண்ணும் கிடையாது. உடனே திரும்பி வா.”

கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு ஷைஜுவின் குரல், எஞ்சின் சத்தத்துக்கு மேலே தெளிவாக வந்தது.

“எழுபத்தாறு புள்ளி எட்டு மூணு, எட்டு புள்ளி பூஜ்யம் மூணு. இதுதான மக்கா இடம்?”

ததேயுஸ் மாமா கையிலிருந்த சாயா வேட்டியில் சிந்தியது.

“ஏலே, இவனுக்குக் கிறுக்கு பிடிச்சா? இடத்தை எல்லாருக்கும் கேக்கச் சொல்லுகானே!”

“அது இடமே இல்ல அண்ணா!” என்று ஜாஸ்பின் மைக்கில் கத்தினாள். “அங்க ஒண்ணும் இல்ல!”

“மூணு நிமிஷ வட்டம்னு போட்டிருக்கே. அப்ப மூணு மைலுக்குள்ள எங்க மக்கா தூண்டில் போடணும்?”

“எங்கயும் போடாண்டாம்! ஒண்ணுமே இல்லங்கேன்!”

ததேயுஸ் மாமா மெதுவாக மைக்கை அவள் கையிலிருந்து வாங்கினார். அவர் முகத்தில் ஒரு துக்க வீட்டுக் களை இருந்தது.

“மக்கா, நீ வடக்க போயி எத்தன வருசம் ஆவுது?”

“ஏழு.”

“அதான் மறந்துபோச்சு. வயர்லெஸ்ல ஒருத்தன் ‘இஞ்ச நல்ல மீன்’னு சொன்னா, அங்க தண்ணிதான் இருக்கும். ‘ஒண்ணும் இல்ல’ன்னு சொன்னா மீன் இருக்கு. நீ மூணு தடவ ‘ஒண்ணும் இல்ல’ன்னு சொல்லிட்ட. அதுல ஒரு தடவ சத்தியம் வேற பண்ணிட்ட.”

அவர் சொல்லி முடிக்கவில்லை, வயர்லெஸ்ஸில் வேறொரு குரல் ஏறியது. ஜான்ரோஸ். ஷைஜுவின் வள்ளம் எந்தப் பக்கம் போனாலும் பின்னாலேயே போகிறவன். ஊரில் பெரிய எஞ்சின் அவனுடையது.

“ததேயுஸ் மாமா, நான் சும்மா ஒரு நட தெக்கோட்டு போயிட்டு வாறேன். மீனுக்கு ஒண்ணும் இல்ல. காத்து வாங்க.”

காற்று வாங்க மேலும் பதினைந்து வள்ளங்கள் புறப்பட்டன. சன்னல் வழியே ஜாஸ்பின் பார்த்துக்கொண்டே இருந்தாள். துறைமுக வாயில், தேர் இழுக்கும் நாளில் தெருவில் நிற்பதுபோல் நெரிசல்.

மணி ஆறு ஐம்பத்தைந்து. அவள் மனதைத் திடப்படுத்திக்கொண்டாள். வள்ளங்கள் போனால் போகட்டும், முதலில் எண். பெபிஷாவின் ஃபோனிலிருந்து நெட்டை லேப்டாப்புக்கு எடுத்தாள். சிக்னல் ஒரு கோடு வந்தது, போனது, வந்தது. லேப்டாப்பைச் சன்னலுக்கு வெளியே ஒரு ஐஸ் பெட்டியின்மேல் வைத்து, மைக்கின் வயரை எட்டுமட்டும் இழுத்துக்கொண்டாள்.

“அண்ணா, எனக்க ஃபோனத் திற. பூட்டு நம்பர் நீ அறிவ. அதுல நீலப் பூட்டுப் படம் போட்ட ஒரு செயலி உண்டு. அதுல ஆறு நம்பர் தெரியும். அத வாசி.”

ஷைஜு அதைத் தேடிப் பிடிக்க அரைமணி நேரமாகும் என்று அவள் பயந்தாள். ஐந்து நொடியில் குரல் வந்தது.

“பூஜ்யம், எட்டு, ஒண்ணு, ஒண்ணு, ஏழு, ஆறு.”

அவள் அடித்தாள். பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது. சுற்றி முடித்து, எண் காலாவதியாகிவிட்டது என்றது.

அறைக்குள் ததேயுஸ் மாமா ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் அந்த எண்ணை எழுதி உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எட்டு டிகிரி பதினொண்ணு. பெறவு எழுபத்தாறு.” அவர் குரல் தழுதழுத்தது. “மக்கா, இது அதவிட நல்ல இடமாக்கும்!”

“மாமா, இது பாஸ்வேர்டு!”

“ஆமா ஆமா, பாஸ்வேர்டு” என்று கண்ணைச் சிமிட்டினார் அவர்.

வயர்லெஸ்ஸில் ஜான்ரோஸ் யாரையோ, “லேய், வடக்கோட்டுத் திருப்பு” என்று சொல்வது கேட்டது. ஜாஸ்பின் மறுபடியும் பட்டனை அமுக்கினாள்.

“அண்ணா, நம்பர் மாறியிருக்கும். புதுசு சொல்லு.”

“ஏழு, ஏழு, நாலு, பூஜ்யம், அஞ்சு, ரெண்டு.”

சிக்னல் போய்விட்டது. அவள் லேப்டாப்பைத் தலைக்கு மேலே தூக்கினாள். வந்தபோது நேரம் முடிந்திருந்தது.

“எழுபத்தேழு டிகிரி நாப்பது!” என்றார் ததேயுஸ் மாமா. “அது கன்னியாகுமரிக்கு அங்கோட்டுல்லா!”

இப்போது கடல் முழுக்க ஒரே கூச்சல். குளச்சல் பக்கத்து வள்ளங்கள்கூடக் கேட்டுக்கொண்டிருந்தன போல. மேற்கே போவதா, கிழக்கே போவதா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். ஜாஸ்பினுக்குப் பொறுக்கவில்லை.

“எல்லாரும் கேளுங்க! இது இடம் இல்ல! இந்த நம்பர் முப்பது செகண்டுக்கு ஒருக்க மாறும்! யாரும் இதுக்குப் பின்னால போவாண்டாம்!”

பிறகு ஜான்ரோஸின் குரல், பக்தியோடு.

“முப்பது செகண்டுக்கு ஒருக்க மாறுதா? லேய், அது ஓடுத மீனாக்கும்! சூரைக் கூட்டம்! விரட்டிப் பிடியுங்கலே!”

துறைமுகத்தில் மிச்சமிருந்த வள்ளங்களும் கிளம்பின. வலை தைத்துக்கொண்டிருந்தவர்கள் ஊசியைப் போட்டுவிட்டு ஓடினார்கள். நடுவில் ஷைஜுவின் குரல் மட்டும் சோகமாகக் கேட்டது. “எனக்க எஞ்சின் சூடாவுது மக்கா. எல்லாரும் என்னத் தாண்டிப் போறாவ.” அண்ணனை நினைத்து அவளுக்குப் பாவமாக இருந்தது. வானத்துக்கும் கடலுக்கும் வித்தியாசம் தெரியாத அப்பாவி, தன் ஃபோனைத் தூக்கிக்கொண்டு போய் நடுக்கடலில் அவதிப்படுகிறான்.

ஆனால் மணி ஏழு எட்டு. அவள் ஐஸ் பெட்டியின்மேல் ஏறி நின்றாள். ஃபோனில் இரண்டு கோடு வந்தது.

“அண்ணா, கடைசியா ஒரு தடவ. நம்பர் மாறின உடனே சொல்லணும், சுணங்கக் கூடாது.”

“இந்தா மாறிச்சு. மூணு, அஞ்சு, பூஜ்யம், ஏழு, ஒண்ணு, எட்டு.”

பக்கம் சுற்றியது. நின்றது. திறந்தது.

“முப்பத்தஞ்சு பாகம் ஆழம், ஏழு பதினெட்டுக்கு!” என்று ததேயுஸ் மாமா மைக்கைச் சன்னல் வழியே இழுத்து வாங்கிக் கூவினார். அதை அவள் கேட்கவே இல்லை.

தொலைநோக்கி பிடித்ததெல்லாம் திரையில் கோடாக விரிந்தது. முதலில் ஒன்றுமில்லாத சமதளம். பிறகு செங்குத்தாக ஓர் ஏற்றம், ஒரு சின்னத் தடுமாற்றம், இன்னொரு ஏற்றம், அப்புறம் மெல்ல இறங்கும் நீண்ட வால். நாற்பத்திரண்டு நொடி. அவள் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். சூரியனின் சேட்டையா? இல்லை, சூரியன் அப்போது வேறு பக்கம். கருவியை ஏமாற்றும் துகள் கூட்டத்துக்குள் செயற்கைக்கோள் நுழைந்திருந்ததா? இல்லை. அந்த இடத்தில் ஏற்கெனவே தெரிந்த குறும்புக்கார நட்சத்திரம் ஏதாவது? அதுவும் இல்லை. சுத்தமான, நீண்ட காமா கதிர் வெடிப்பு. சூரியன் தன் ஆயுள் முழுக்க எரிந்து தருவதை முக்கால் நிமிடத்தில் கொட்டிவிட்டுப் போன ஒரு சாவு. அதை முதன்முதலாக உட்கார்ந்து பார்க்கும் மனித ஜென்மம் தான்தான் என்று நினைத்தபோது, மீன் வாடை அடிக்கும் அந்த ஐஸ் பெட்டியின்மேல் ஜாஸ்பினுக்குக் கண் நிறைந்துவிட்டது. சந்தோஷத்தில்தான்.

ஏழு முப்பத்தொன்றுக்கு அறிக்கை போனது. முதல் பெயர் அவளுடையது. ஐந்தே நிமிடத்தில் சிலி நாட்டிலிருந்து ஒரு தொலைநோக்கிக் குழு, “நன்றி, அங்கே திருப்பிவிட்டோம்” என்று பதில் போட்டது.

நிமிர்ந்து பார்த்தாள். துறைமுகத்தில் ஒரு வள்ளம்கூட இல்லை. நாலைந்து காக்கைகள் மட்டும் ஏமாந்து நின்றன.

ஜாஸ்பினுக்குச் சந்தோஷம் பாதி இறங்கிவிட்டது. திருவிழா வாரம். ஊரே டீசலை எரித்துக்கொண்டு தன் பேச்சை நம்பிப் போயிருக்கிறது. உள்ளதை உள்ளபடி சொல்லிவிட வேண்டும். விஞ்ஞானம் படித்தவளுக்கு உண்மையைவிட நல்ல வழி ஏது? அவள் மைக்கை வாங்கினாள்.

“எல்லாரும் கேளுங்க. நான் வானத்துல உள்ள ஒரு சங்கதியப் பத்தித்தான் பேசினேன். கடல்ல இல்ல. அது நடந்தே பல நூறு கோடி வருசம் ஆச்சு.”

“பழைய இடமா!” என்று ஜான்ரோஸ் சிலிர்த்துப்போனான். “நம்ம அப்பன்மாருக்க காலத்து இடமா இருக்கும் மக்கா. அதுலதான் பெரிய மீன் கிடக்கும்.”

ததேயுஸ் மாமா அவள் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கி, அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

மத்தியானம் இரண்டு மணியிலிருந்து வள்ளங்கள் திரும்பத் தொடங்கின. எல்லாம் தண்ணீரில் பொங்கி மிதந்தன. கனம் இருந்தால்தானே அமுங்கும்? வீட்டுக்குள் ஒளிந்துகொள்வது அவளுக்குப் பிடிக்காது. கரையிலேயே நின்றாள். ஜான்ரோஸ் கண்ணெல்லாம் உப்புப் பூத்து நேரே அவளிடம் வந்தான்.

“ஏட்டி ஜாஸ்பினே, அங்க ஒண்ணும் இல்லன்னு சொன்னியே?”

“ஆமா.”

“உள்ளபடியே அங்க ஒண்ணும் இல்ல!”

“அதத்தான அண்ணா நான் சொன்னேன்?”

“வயர்லெஸ்ல வந்து உண்மையச் சொல்லலாமாட்டி?” அவன் குரல் உடைந்தது. “நாலெழுத்துப் படிச்ச பிள்ள பண்ணுற காரியமா இது? பெறவு மனுசன் ஆரத்தான் நம்புவான்?”

சுற்றி நின்றவர்கள் அதுதானே என்பதுபோல் தலையாட்டினார்கள். ஜாஸ்பினுக்கு வாழ்க்கையில் முதல்முறையாக, உண்மை சொன்னதற்காக மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. கேட்டாள்.

அப்போதுதான் ஷைஜுவின் வள்ளம் வந்தது. விளிம்புவரை அமுங்கி, ஆடி அசைந்து, மெதுவாக வந்தது. உள்ளே கலவா மீன். பாறையடியில் மட்டும் கிடைக்கிற பெரிய கலவா, ஒவ்வொன்றும் ஒரு கைக்குழந்தை அளவுக்கு.

“எங்கலே பிடிச்ச?” என்று ஜான்ரோஸ் பாய்ந்தான்.

“எஞ்சின் சூடாச்சுல்லா. நீங்க எல்லாம் என்ன விட்டுட்டுப் போயிட்டிய” என்றான் ஷைஜு பரிதாபமாக. “சும்மா கிடக்காண்டாமேன்னு நின்ன இடத்துல தூண்டில் போட்டேன். மாதா தந்தா.”

மாதா தந்ததை யாரும் குறை சொல்ல முடியாது. ஜான்ரோஸ் ஒரு பெருமூச்சு விட்டுப் போனான். ஷைஜு தங்கையிடம் ஃபோனை நீட்டினான். அது ஒரு பிளாஸ்டிக் பைக்குள், இன்னொரு பிளாஸ்டிக் பைக்குள், ஒரு துளி ஈரம் படாமல் இருந்தது.

“உனக்க வேலை முடிஞ்சா மக்கா?”

“முடிஞ்சு அண்ணா. முதல் பேரு எனக்கு.”

“கொள்ளாம்!” என்று அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்து, காலையிலிருந்து சேர்த்துவைத்திருந்த திட்டையெல்லாம் அவள் விழுங்கிவிட்டாள்.

சாயங்காலம் அடுக்களை வாசலில் பெபிஷா கலவா ஒன்றை அரிந்துகொண்டிருந்தாள். ஜாஸ்பின் ஒரு நோட்டும் இரண்டு கலர் பேனாவுமாக எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“மைனி, அண்ணன் பாவம். எனக்க நம்பரப் பாத்து மீனுன்னு நெனச்சிட்டு ஓடிப்போச்சு. ஏதோ எஞ்சின் சூடானதால தப்பிச்சுது. வானத்துக் கோடு எது, கடல் கோடு எதுன்னு நானே படம் வரைஞ்சு பொறுமையாச் சொல்லிக் குடுத்திருறேன். இனி இப்பிடி ஆவாது.”

பெபிஷா செதிலைத் தட்டிவிட்டு, அன்று முதல்முறையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

“படம் ஒண்ணும் வரையாண்டாம் மக்கா. அது வானத்து நம்பருன்னு அவியளுக்கு நல்லாவே அறியும். நீ வயர்லெஸ்ல ஏறி நின்னு ‘மீன் இல்ல, மீன் இல்ல’ன்னு கத்தினாத்தான் ஜான்ரோசு முதக்கொண்டு ஊரே அங்கோட்டுப் போவும்னுதான், உனக்க ஃபோனையே எடுத்திட்டுப் போனாவ.”